வேஷம் போட்டு உள்ளே வந்தவர்கள்

டிஜிட்டல் சேவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் பேசினால் முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை மேசைக்கு அடியில் போனைப் பார்க்கும், கடைசியில் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்புவீர்கள். வீட்டில் ஏற்கெனவே நாலைந்து சால்வை சும்மா கிடக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும்போது படியுங்கள், டீ ஆறினாலும் பரவாயில்லை.

எது எப்படி இயங்குகிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஓசூரில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அதில் வரும் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதால் அலுவலக ஆட்கள் யாருக்கும் பெயர் கிடையாது. யார் என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள், செய்வீர்கள் என்று தெரிந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஓசூர் கிளையின் மாடியில் எங்கள் உதவி மேசை இருந்தது. இணைய வங்கியில் எந்தச் சிக்கல் வந்தாலும் மாவட்டம் முழுவதும் எங்களுக்குத்தான் போன் செய்யும். போச்சம்பள்ளி தொழிற்சாலைக்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துக் கோபம் வந்ததும் தமிழுக்கு மாறுவார். தேன்கனிக்கோட்டைக்காரர் தெலுங்கில் நலம் விசாரித்து, கன்னடத்தில் புகார் சொல்லி, தமிழில் நன்றி சொல்வார். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். மனிதர்களைப் பார்க்காமலே அவர்களோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

அப்போது நம் இணையதளத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, நீ விண்டோஸா என்று கேட்கும். ஆம் என்றால் உள்ளே விடும். இல்லை என்றால், உங்கள் கணினிக்கு இந்தச் சேவை இல்லை என்று ஒரு வரி காட்டிக் கதவைச் சாத்திவிடும். விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை வைத்திருந்த ஆட்கள் எங்கள் பக்கம் கொஞ்சம்தான். மிஷினோடு வந்த கம்ப்யூட்டரிலேயே எல்லா வேலையும் பார்க்கிற லேத் பட்டறைக்காரர்கள், காசு கொடுத்து மென்பொருள் வாங்கமாட்டேன் என்று கொள்கையாகவே இருந்த ஒரு கல்லூரி வாத்தியார், பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாத கடைக்காரர்கள். தலைமை அலுவலகத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இருந்தது. ‘மற்றவை.’

எங்கள் மேசையின் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிராயரில் எப்போதும் முறுக்கு வைத்திருப்பார், போனில் பேசும்போதும் மென்றுகொண்டிருப்பார். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கதவு சாத்தப்பட்டவர்கள் போன் செய்தால், தன் சொந்த மொபைலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லித் தருவார். பிரவுசரில் ஒரு இடத்தை மாற்றினால் போதும், லினக்ஸ் கம்ப்யூட்டர் தன்னை விண்டோஸ் என்று சொல்லிக்கொள்ளும். அப்படி வேஷம் போட்டு உள்ளே போனால் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது. பிடிவாதம் கதவுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் இப்படிச் சொல்லித் தருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதிகாரபூர்வமாக யாருக்கும் தெரியாது.

இதனால் என்ன ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். மாதா மாதம் எந்தக் கணினியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை வரும். அதில் லினக்ஸுக்கு நேரே யாருமே இருக்கமாட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் விண்டோஸ் வேஷத்தில் வந்ததால் விண்டோஸ் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். யாருமே இல்லாத கூட்டத்துக்காக எதற்குச் செலவு செய்வது என்று தலைமை அலுவலகம் கேட்டது. கேட்டது நியாயம்தான். அவர்கள் கையில் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது.

பிறகு புதிய பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று வந்தது. வருகிற கம்ப்யூட்டர் தன்னைப் பற்றிச் சொல்வதும் அது உண்மையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் மோசடி என்று முடிவுகட்டிக் கணக்கைப் பூட்டிவிடும். நல்ல ஏற்பாடு, இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அது ஓடத் தொடங்கிய அன்று காலையில் ராயக்கோட்டை காதர் பாய் போன் செய்தார்.

பாயை எனக்குத் தெரியும். தக்காளி மண்டி வைத்திருப்பவர். கிளைக்கு வரும்போதெல்லாம் மாடி ஏறி எங்களையும் பார்த்துவிட்டுத்தான் போவார். தக்காளி விலை விழுந்தால் பை நிறையக் கொண்டுவருவார், விலை ஏறினால் வெறுங்கையோடு வந்து சிரிப்பார். அவருடைய மகள் நஸ்ரீன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மண்டியின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கம்ப்யூட்டரை வைரஸ் தின்றுபோட்டதும் அதில் லினக்ஸ் போட்டவள் அவள்தான். விவசாயிகளுக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதிலிருந்துதான்.

“மேடம், ராயக்கோட்டை காதர் பேசறேன். அக்கவுண்ட்ட பூட்டிட்டீங்களே, என்னாத்துக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“பதறாதீங்க பாய். ஸ்கிரீன்ல என்ன வருது?”

“சந்தேகத்துக்குரிய நடவடிக்கைன்னு வருது. தமிழ்லயே வருதும்மா. இங்கிலீசுல வந்திருந்தா யாருக்கும் புரிஞ்சிருக்காது, நானும் தப்பிச்சிருப்பேன்.”

“யாருக்குப் புரிஞ்சா என்ன பாய்?”

“பணம் ஏன் வரலன்னு தோட்டக்காரங்க வந்து நின்னுக்கினாங்க. நான் ஏமாத்தலப்பா, நீங்களே பாத்துக்கங்கன்னு அவங்கள உள்ள கூப்ட்டு ஸ்கிரீன காட்டிட்டேன் மேடம். இப்ப மார்க்கெட்டு பூரா ஒரே பேச்சு. பாய் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணிடுச்சாம், பேங்கே கண்டுபுடிச்சிடுச்சாம். நானும் கோவத்துல அவள எல்லார் முன்னாடியும் கேக்கக்கூடாதது கேட்டுட்டேன்.”

கடைசி வாக்கியத்தில் குரல் இறங்கிவிட்டது. மண்டிக்காரருக்குச் சொத்து என்பது கடையோ எடை மிஷினோ அல்ல. விடியற்காலையில் விளைச்சலைக் கொண்டுவந்து, விலை தெரியாமலே அவர் கடை முன்னால் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்களே, அந்த நம்பிக்கைதான். அதில் விழுந்த கறை அவரோடு நிற்காமல் அந்தப் பெண்மேல் போய் விழுந்திருந்தது. பெண்பிள்ளை மேல் ஒட்டிக்கொண்ட பேச்சு அவ்வளவு சுலபத்தில் போகாது என்பது உங்களுக்கே தெரியும்.

மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். “நல்ல கஸ்டமர்மா அவரு. முதல்ல திறக்கச் சொல்லுங்க, மத்ததப் பிறகு பாத்துக்கலாம்” என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் பிள்ளைகளே, அழுகை திருடனுக்கும் வரும். தெரிந்தவர் குரலில் பேசிக் கணக்கைத் திறக்கவைத்துத் துடைத்துக்கொண்டு போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பாய் மேல் எனக்குப் பிரியம் இருந்ததால்தான் அவசரப்படக்கூடாது என்று நினைத்தேன். மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் சென்னை மோசடித் தடுப்புப் பிரிவைக் கூப்பிட்டேன்.

எடுத்தது ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும், குரலில் தெரிந்தது. அந்தப் பிரிவில் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள், அதனால் அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, முகமும் தெரியாது. என் வேலைக்காலத்தில் எனக்குச் சரியாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

“அந்த ஆளை நேர்ல பாத்திருக்கீங்களா மேடம்?”

“பல தடவை.”

“அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப உங்களுக்குப் பாதிதான் தெரியும். காலைலேர்ந்து உங்க ஏரியாவுல மட்டும் வரிசையா மாட்டுது. எல்லாமே விண்டோஸ்னு பொய் சொல்லுது. போன் தமிழ்நாட்ல இருக்கு, கம்ப்யூட்டர் பெங்களூர்ல இருக்கு. பார்டர்ல ஏதோ கும்பல் உக்காந்திருக்குன்னு நினைக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் நிறைய இணைய இணைப்புகள் பெங்களூர் வழியாகத்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து சினிமா டிக்கெட் பார்த்தாலும் பெங்களூர் தியேட்டரைத்தான் காட்டும். அதைச் சொன்னேன். விண்டோஸ் பொய் எங்கள் மூலையிலிருந்து போனதோ என்று தோன்றியதை மட்டும் சொல்லவில்லை.

“சிரிக்காதீங்க மேடம்” என்றாள். “நான் பூட்டினது தப்புன்னா நானே மன்னிப்புக் கேட்டுடுவேன். திறந்தது தப்பாப் போனா அவரோட பணத்தை யாரு திருப்பித் தருவா?”

பாயைத் திரும்பக் கூப்பிட்டு, மகளையும் அந்தக் கம்ப்யூட்டரையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன். “கம்ப்யூட்டர அழைச்சிக்கினு வர அது என்ன மாப்பிள்ளையா?” என்று கத்தினார். கத்தினாலும் வந்தார். காய் ஏற்றுகிற குட்டியானை வண்டியில், தக்காளி கிரேட்டுக்குள் சாக்கு விரித்து, அதில் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து, மேலே இன்னொரு சாக்கைப் போர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். நஸ்ரீன் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மாடி ஏறினார்கள்.

எங்கள் மேசையிலேயே கம்ப்யூட்டரை மாட்டினோம். சென்னைப் பெண்ணை ஸ்பீக்கரில் போட்டேன். அடையாளம் கேட்டாள், பழைய பரிமாற்றங்களைப் பற்றிக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் நஸ்ரீன் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு சென்னைப் பெண் கேட்டாள்.

“பிரவுசர்ல விண்டோஸ்னு மாத்தினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எதுக்கு மாத்தினீங்க?”

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. “உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். இங்கதான் சொல்லித் தந்தாங்க. இல்லன்னா உள்ளயே விடலயே.”

பாய் சட்டென்று திரும்பினார். “இத ஏம்மா காலைலயே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன் அத்தா. நீங்க கேக்கல.”

நான் மூலையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முறுக்குக்காரர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அவருக்குப் பதவி உயர்வு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொல்லித் தந்ததற்கு எங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிவும் கிடையாது, எல்லாம் சொந்த மொபைல். பேசாமல் இருந்திருந்தால் ஒரு பெண்பிள்ளையின் வாய்ச்சொல்லாகவே அது போயிருக்கும். நான் சொல்வதா, அவர் சொல்லக் காத்திருப்பதா என்று எனக்குப் புரியவில்லை. நாற்காலி நகர்ந்தது. எழுந்து வந்து போன் அருகே குனிந்தார்.

“நான்தான் மேடம் சொல்லித் தந்தேன். அந்தப் பாப்பா மேல ஒண்ணுமில்ல.”

“இவங்களுக்கு மட்டுமா?”

“கேட்டவங்க எல்லாருக்கும்.”

சென்னைப் பெண் காலையில் மாட்டிய கணக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். “அப்ப இது கும்பல் இல்ல சார். இவங்க எல்லாம் நம்ம கஸ்டமர்ஸ். நாமளே வேஷம் போடச் சொல்லிட்டு, நாமளே புடிச்சு உள்ள வெச்சிருக்கோம்.”

பாயின் கணக்கைத் திறந்தாள். ஆனால் அதோடு விடவில்லை. அவர் யார் யாருக்குச் சொல்லித் தந்தாரோ அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து, அடையாளம் உறுதி செய்து, ஒவ்வொன்றாகத் தனக்கு அனுப்பச் சொன்னாள். முறுக்குக்காரர் மூலையில் உட்கார்ந்து நினைவிலிருந்தே பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். யாருக்குச் சொன்னோம் என்று அவருக்கு ஒருவர் விடாமல் ஞாபகம் இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். அவர்மேல் எனக்கு அதுவரை இருந்தது சிரிப்பு கலந்த பிரியம். அன்றைக்கு மரியாதையும் வந்தது.

ஆனாலும் அவர் செய்ததில் இருந்த பிழையை உங்களுக்குச் சொல்லாமல் போனால் இதை எழுதியே பயனில்லை. அவர் கருணை உள்ளவர். கதவு சாத்தப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துவந்தார். முன்வாசல் சாத்தியிருக்கிறது என்று மட்டும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லவே இல்லை. எழுதிப்போட்டிருந்தால் திட்டு வாங்கியிருப்பார், ஆனால் அறிக்கையில் அந்த ஜனங்கள் இருந்திருப்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்குக் குறுக்கு வழி சொல்லித் தருகிற நாளில், அதே நாளில், அவருக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று மேலே எழுதுங்கள். அறிக்கையில் இல்லாதவர் ஊரிலும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மேசையிலிருந்து அதன்பிறகு நாங்கள் எழுதியது கொஞ்ச நஞ்சமல்ல. சில மாதங்கள் கழித்து அந்த வாசல் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். மூலைக்காரருக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அடுத்ததில் கிடைத்தது.

பாய் கதைக்கு வருகிறேன். கணக்கு திறந்ததும் நஸ்ரீன் கம்ப்யூட்டரைத் திரும்பக் கிரேட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போய்விட்டாள். அப்பா நீட்டிய கையைக் கண்டுகொள்ளவில்லை. பாய் படியில் நின்றபடி என்னிடம் கேட்டார்.

“பேங்க் கதவத் திறந்துட்டீங்க, சந்தோசம். மார்க்கெட்டு வாய யாரு மேடம் மூடறது? பாப்பா இனி கடைக்கு வெளிய வந்து நிக்க மாட்டேங்குறா.”

இதற்கு வங்கி என்ன செய்யும் என்று மேலாளரைக் கேட்டேன். தங்கள் கணக்கு இப்போது செயல்பாட்டில் உள்ளது என்று ஒரு எஸ்எம்எஸ் போகும், வழக்கம் அதுதான் என்றார். வங்கி தன் தவறு என்று கடிதம் கொடுக்குமா என்றேன். சட்டப் பிரிவுக்கு எழுதலாம் என்றார். அந்த முகத்திலேயே பதில் இருந்தது. சாயங்காலம் மற்றக் கணக்குகளைப் பற்றிப் பேசச் சென்னைப் பெண் கூப்பிட்டபோது அவளிடம் புலம்பினேன்.

“கடிதம்னா ஆறு பேரு கையெழுத்து போடணும் மேடம்” என்றாள். “வாயால சொல்றதுக்கு யாரும் கையெழுத்து கேக்கமாட்டாங்க. ராயக்கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே?”

மறுநாள் காலையில் முதல் பேருந்தைப் பிடித்தேன். விடுப்பு எழுதவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், அதற்குள் மார்க்கெட்டில் தக்காளி ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும். வங்கி தவறு செய்தது என்று ஒரு அதிகாரி சந்தையில் நின்று சொல்லலாமா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு போனேன். ஆனால் அந்தப் பெண் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனது கண்ணிலேயே நின்றது.

மார்க்கெட்டில் வண்டியும் கூச்சலும் சேறுமாக இருந்தது. பாய் கடை முன்னால் வழக்கத்தைவிடக் கிரேட்டுகள் குறைவு என்பது எனக்கே தெரிந்தது. எதிர்க்கடை முன்னால் நடக்க இடமில்லை. பாய் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார், டீ சொல்லப் போனவரைத் தடுத்தேன். ஏலம் கூறுகிறவரிடம் போய், இரண்டு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேங்க் மேடம் என்று பாய் சொன்னதும் கூட்டமே அமைதியாகிவிட்டது. கடன் கட்டாதவனைத் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

“நான் ஓசூர் பேங்க்லேர்ந்து வரேன்” என்றேன். என் குரல் எனக்கே நடுங்கிக் கேட்டது. “காதர் பாய் கணக்க நாங்க பூட்டினது தப்பு. அவர் பொண்ணு ஒரு தில்லுமுல்லும் பண்ணல. எங்க ஆபீஸ்ல என்ன செய்யச் சொன்னாங்களோ அதத்தான் அந்தப் பொண்ணு செஞ்சுது. தப்பு பேங்க் மேல.”

ஏலம் கூறுகிறவர் அதைத் தெலுங்கில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, விலை சொல்கிற அதே ராகத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கூவினார். தலைப்பாகை கட்டிய தோட்டக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

“அப்ப பாய் பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்களா?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“நான் நேத்தே சொன்னேன், எவன் கேட்டான்?” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரும் தான்தான் அப்படிச் சொன்னதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சந்தேகப்பட்டவர் என்று அந்தச் சந்தையில் ஒருவர்கூட மிச்சமில்லை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஏலம் மறுபடி தொடங்கியது, யாரோ ஒருவர் எதிர்க்கடையிலிருந்து தன் கிரேட்டுகளை இந்தப் பக்கம் தூக்க ஆரம்பித்தார். வந்த வேலை முடிந்தது என்று நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாய் வழி மறித்தார். கடையின் பின்னால் சாத்தியிருந்த அறைக் கதவைக் காட்டினார்.

“மேடம், பாப்பா உள்ள இருக்கா. இந்தச் சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது. நான் சொன்னா நம்ப மாட்டா, என் மொகத்தயே பாக்க மாட்டேங்குறா. எல்லாரும் இருக்கறப்பவே இன்னொரு தடவ சொல்லுங்களேன்.”

அவரே போய்க் கதவை முழுக்கத் திறந்துவைத்தார். நான் திரும்பி நின்று முதலிலிருந்து மறுபடி சொன்னேன், இந்தத் தடவை குரல் நடுங்காமல், உள்ளே கேட்கிற மாதிரி.